உதகை ரேஸ் கோர்ஸின் பழைய ஏடுகள் யார் பொறுப்பில்? ஒரு திறந்த மடல்

உதகமண்டலம் குதிரைப் பந்தய மைதானத்தின் பொறுப்பை இப்போது ஏற்றிருப்பவர்களுக்கும், இதற்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர்களுக்கும்,

மைதானத்தில் அரசு அமைக்கவிருக்கும் பூங்கா வரட்டும். அதைத் தடுப்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. அதை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகை பாக்கி 822 கோடி ரூபாய் என்று சொல்லி 2024 ஜூன் மாதம் அரசு இந்த மைதானத்தைக் கையகப்படுத்தியது. அன்று முதல் இன்று வரை நடந்த பேச்சு முழுவதும் நிலத்தைப் பற்றியதுதான். 50 ஏக்கருக்கு மேற்பட்ட சமதளம், அதுவும் உதகையின் நடுவில், பஸ் நிலையத்தை ஒட்டி. சண்டை வருவது இயல்பு. அதை நீங்களும் நீதிமன்றமும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது வேறு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே பந்தயம் நடந்திருக்கிறது. பந்தயம் என்றால் காகிதம். எந்தக் குதிரை யாருடையது, எந்த லாயத்தில் நின்றது, எவ்வளவு எடை சுமந்தது, புல் வெட்டியவருக்கும் லாடம் அடித்தவருக்கும் என்ன கூலி என்று எழுதி எழுதித்தான் அது நடந்தது. அந்த ஏடுகள் எங்கே? எத்தனை மிஞ்சியிருக்கின்றன? யாருடைய அலமாரியில்? இந்தக் கேள்வியை நீங்கள் இரு தரப்பினரும் எழுப்பியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

எழுப்பிப் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில், "பழைய காகிதமா? எடைக்குப் போயிருக்கும் அம்மா" என்றார்கள். இன்னோர் இடத்தில் மனு கொடுக்கச் சொன்னார்கள்; கொடுத்தேன்; அது தங்கள் பொருள் அல்ல என்று பதில் வந்தது. எந்த அலுவலகம், எந்த மேசை என்பதை எழுதப்போவதில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு மேலே இருப்பவர்கள் யாரும் இதைப் பற்றி நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

உதகையின் காந்தலில் பிறந்து வளர்ந்தவள் நான். என் தாத்தா சென்னையிலிருந்து குதிரைகளோடு புல்லறுக்கும் பையனாக வந்து, பிறகு குதிரைக்காரராகி, இங்கேயே தங்கிவிட்டவர். பாட்டி அதே மைதானத்தில், பெயர்ந்த புல்பத்தைகளைத் திரும்ப வைக்கும் வேலைக்குப் போனவர். ரேஸ் கோர்ஸ் பற்றி இன்று இரண்டு விதமான பேச்சைத்தான் கேட்கிறேன். ஒன்று, வெள்ளைக்காரன் விளையாட்டு, ஒழிந்தது நல்லது. மற்றொன்று, பிரிட்டிஷ் காலப் பாரம்பரியம், காக்க வேண்டும். இரண்டிலும் என் தாத்தாவும் பாட்டியும் இல்லை.

அந்தப் பந்தயம் எப்படி நடத்தப்பட்டது என்று தெரிந்தால்தான் ஏடுகளுக்காக ஒருத்தி ஏன் இவ்வளவு மன்றாடுகிறாள் என்பது விளங்கும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிண்டியில் 1777 முதல் குதிரை ஓடியிருக்கிறது. அங்கே பருவம் குளிர்காலம். சித்திரை வெயிலில் சென்னையில் பந்தயம் வைக்க முடியாது. 1870களிலிருந்து மாகாண அரசே ஆண்டுதோறும் கோடையில் கோப்புகளோடு உதகைக்கு ஏறிவந்தது. கவர்னர் இங்கே, அதிகாரிகள் இங்கே, ஃபெர்ன்ஹில் அரண்மனையில் மைசூர் மகாராஜா இங்கே. பந்தயமும் பின்னாலேயே வந்தது. 1886இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். கீழே வெயில், மேலே ஜூனில் பிடித்துக்கொள்ளும் தென்மேற்குப் பருவமழை. இவற்றுக்கு நடுவே கிடைக்கும் சில வாரங்களில் எல்லாம் முடிந்தாக வேண்டும். மைதானமோ அந்நாள் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டிய ஏரியின் தலைமாட்டில், தண்ணீர் நின்ற இடத்தைத் தூர்த்து உண்டாக்கியது. ஒரு பெருமழை போதும், ஓடுதளம் சேறாகிவிடும். (பூங்கா வரைபடம் போடுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

லாலி, பென்ட்லண்ட், வில்லிங்டன் பிரபுக்கள் கவர்னர்களாக இருந்த காலம் அது. 1906 முதல் 1924 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மலை ஊர்களிலும் மாவட்ட ஊர்களிலும் பந்தயத்தைக் கட்டி மேய்த்தவர் ஒரு கௌரவச் செயலாளர். பெரும்பாலும் படை அதிகாரி அல்லது சிவில் அதிகாரி. தன் உத்தியோகத்துக்கு மேல் இதையும் பார்த்தவர். பல வாரங்களுக்கு முன்பே அவர் நிகழ்ச்சி அறிவிக்கையை அச்சடித்து அனுப்ப வேண்டும். எந்த நாளில் எந்தப் பந்தயம், எத்தனை ஃபர்லாங், எந்த வகைக் குதிரைக்கு, பரிசு எவ்வளவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, பெயர் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் எவ்வளவு போகும் என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தியாவின் பெரும்பாலான மைதானங்கள் அப்போது கல்கத்தா டர்ஃப் கிளப்பின் விதிகளைத்தான் பின்பற்றின. அந்தக் கிளப்புக்கு 'ராயல்' பட்டம் 1912இல்தான் வந்தது. அதன் சட்டப் புத்தகமோ அதற்கு வெகு முன்பே நாடெங்கும் செல்லுபடியாயிற்று.

குதிரைகளை வகை பிரித்தே ஓடவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்திறங்கிய 'வேலர்' குதிரைகள் ஒரு பக்கம். ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் படைக்குக் குதிரை பழக்கிய பண்ணைக்கும் இந்த இனம்தான் ஏராளமாக வந்தது. வளைகுடாவிலிருந்து பம்பாய்க்கு வந்து பைக்குல்லா லாயங்களில் விலைபோன அரபுக் குதிரைகள் இன்னொரு பக்கம். இந்த நாட்டிலேயே பிறந்தவை தனி. போனிகள் தனி. ஒன்றோடொன்று மோதவிட்டால் போட்டி இராது. போட்டி இல்லாவிட்டால் பணம் கட்ட ஆளில்லை.

போட்டியைச் சமப்படுத்த எடை. நல்ல குதிரைக்குக் கூடுதல் சுமை, சுமாரான குதிரைக்குக் குறைவு. கணக்கெல்லாம் ஸ்டோனில், ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. ஜாக்கி சேணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தராசில் ஏறுவார். எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடு. ஓடி முடித்ததும் மறுபடி தராசு. குறைந்திருந்தால் ஜெயித்த குதிரையும் தோற்ற குதிரைதான். இதைச் சரிபார்க்கத் தராசுக்கு ஒருவர், ஓட்டத்தைத் தொடங்கிவைக்க ஒருவர், முடிவுக் கம்பத்தில் நடுவர், எடையைத் தீர்மானிக்க ஒருவர், எல்லோருக்கும் மேலே புகாரை விசாரிக்கும் ஸ்டூவர்டுகள்.

போனிகளுக்கு எடை மட்டும் போதாது, உயரமும் பார்ப்பார்கள். நான்கு அங்குலம் ஒரு 'கை'. 14 கை 2 அங்குலத்துக்கு மேல் போய்விட்டால் அது போனி இல்லை. உயரத்தை வைத்தே எடை போடும் பந்தயங்களும் உண்டு. கால் அங்குலம் குறைந்தாலும் லாபம். அளக்கும் நாளுக்கு முந்தின இரவுதான் தாத்தாவின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. குளம்பை முடிந்தமட்டும் சீவிவிட்டு, இரவு முழுக்கக் குதிரையைத் தூங்கவிடாமல் நடத்துவார்களாம். களைத்த குதிரை முதுகைத் தளர்த்தித் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும்; அளவுகோல் கொஞ்சம் கீழே இறங்கும். ஏரிக்கரைக் குளிரில், ஒற்றைக் கம்பளியில், விடிய விடிய நடந்தவர் தாத்தா. குதிரைக்கு இரட்டைக் கம்பளி போர்த்தியிருக்கும். "அதுக்குச் சளி பிடிச்சா துரை என்னைத் தோலை உரிப்பார். எனக்குச் சளி பிடிச்சா வேற பையன் வருவான்" என்று சிரிப்பார். எந்த ஸ்டூவர்டின் நினைவுக் குறிப்பிலும் இந்த வரி இருக்கப்போவதில்லை.

ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லறுப்பவர். அதுதான் அன்றைய வழக்கம். மேட்டுப்பாளையம் வரை ரயிலில் குதிரைப் பெட்டி. அங்கிருந்து பர்லியாறு, குன்னூர், அரவங்காடு வழியாக மலைச்சாலை. மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் தன் பொறுப்பில் இருந்த குதிரைகளை நடத்தித்தான் ஏற்றியதாகத் தாத்தா சொல்வார். ஏறக்குறைய 50 கிலோமீட்டர். முந்நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்திலிருந்து இரண்டாயிரத்து இருநூறுக்கு. ஒரே மூச்சில் ஏற்றினால் ஓடவேண்டிய கால் போய்விடும் என்பதால் இடையிடையே தங்கல். தங்குகிற இடத்தில் முதல் வேலை குளம்பைத் தூக்கிக் கல் குத்தியிருக்கிறதா, லாட ஆணி ஆடுகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, கொள்ளு வேகவைப்பது. மனிதன் சாப்பாடு மூன்றாவது.

புல் தனிக் கதை. சமவெளியில் அருகம்புல்லைச் செதுக்கிப் பழகிய பையன்களுக்கு மலைப்புல் புரியவில்லை. பனியில் நனைந்த புல்லை அப்படியே போட்டால் வயிறு ஊதும் என்று பயம். செதுக்கிய புல்லின் வேரில் ஒட்டிய மண்ணைத் தட்டித் தட்டி எடுத்தாக வேண்டும். மண் உள்ளே போனால் குதிரைக்கு வயிற்றுவலி, பையனுக்குப் பிரம்பு. கிளாண்டர்ஸ் நோய்க்கு 1899இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒரு குதிரைக்கு மூக்கில் சீழ் வடிந்தால் லாயம் முழுவதும் நடுங்கும். நோய் உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள். அது மனிதனுக்கும் தொற்றும் நோய். அதன் பக்கத்தில் வைக்கோலில் படுத்துத் தூங்கிய குதிரைக்காரரின் கதி என்ன என்று எந்த ஏட்டிலாவது எழுதியிருக்கிறதா? எனக்குத் தெரிய வேண்டும்.

பாட்டியின் வேலை பந்தயம் முடிந்த பிறகு தொடங்கும். குளம்பு பெயர்த்து எறிந்த புல்பத்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, பெயர்ந்த பள்ளத்தில் வேர் கீழே இருக்கும்படி வைத்து, வெறுங்காலால் மிதித்து, இடைவெளியில் பொடிமண் தூவ வேண்டும். பொருந்தாத பத்தையில் அடுத்த நாள் குதிரை கால் வைத்தால் காலும் போகும், மேலே இருப்பவர் கழுத்தும் போகும். அறுபதாண்டு கழித்தும் சாலையோரப் புல் பெயர்ந்து கிடந்தால் நின்று காலால் அழுத்திவிட்டுத்தான் நகர்வார். பெண்கள் வரிசையாக நின்று வேலை செய்ததாகவும் கூலியை ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக் கொடுத்ததாகவும் சொல்வார். ஏட்டைப் பார்த்து என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெண்களின் பெயர்கள் ஒரு காலத்தில் எழுதப்பட்டிருந்தன.

சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குதிரை மேல் பணம் கட்டி வீட்டுப் பாத்திரம்வரை அடகு வைத்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பந்தயத்துக்கு முந்தின இரவு கிளப்பில் குதிரைகளை ஏலம் விட்டு லாட்டரி ஆடிய துரைமாருக்கு அது பொழுதுபோக்கு. கட்டணமில்லாத ஓரத்தில் நின்று கடன் வாங்கிக் கட்டியவனுக்கு அது குடும்பம். 1974இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்ததன் நியாயம் எனக்குப் புரிகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் அது திறமைக்கான விளையாட்டு, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்ததும் தெரியும். எது சரி என்று வாதாட எனக்கு நேரமில்லை. கெட்ட தொழிலென்றே வைத்துக்கொண்டாலும் அதில் உழைத்தவர்களின் பதிவு கெட்டதாகிவிடாது.

எங்கள் வீட்டில் ஒரு கடிதம் இருக்கிறது. தாத்தாவுக்கு ஒரு துரை எழுதிக்கொடுத்த நற்சான்று. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் இத்தகைய சீட்டுகளைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி, அடுத்த எஜமானரிடம் காட்டி வேலை கேட்பார்கள். மடிப்பெல்லாம் கிழிந்து, தேதி இருந்த மூலையும் போய்விட்டது. இதைக் கொண்டுவருபவன் நாணயமானவன், குடிக்காதவன், மூன்று பருவங்களாக என் குதிரையைக் கவனித்தான், அவன் கையாளும் விதத்தில் குதிரை அமைதியாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் அழகான கையெழுத்து. குதிரையின் பெயர் இருக்கிறது. ஜெயித்த பந்தயத்தின் பெயர் இருக்கிறது. எழுதிய துரையின் பெயரும் படைப்பிரிவும் இருக்கின்றன. தாத்தாவின் பெயர் இல்லை. பாராட்டுக் கடிதத்திலேயே பெயர் இல்லாதவருக்குக் கோப்பையிலும் செய்தித்தாளிலும் இடம் எங்கிருந்து வரும்? மிஞ்சியிருக்கக்கூடியது கூலி ஏடு ஒன்றுதான். கைநாட்டோடு, ஒருவேளை தப்பும் தவறுமாக, ஆனால் பெயரோடு.

இப்போது சொல்லுங்கள், அதை எடைக்குப் போடலாமா?

நிலத்தை எடுத்தவர்கள், "ஏடுகள் முன்பு நடத்தியவர்களுடைய சொத்து" என்பீர்கள். நடத்தியவர்கள், "பூட்டும் சாவியும் இப்போது எங்களிடம் இல்லை" என்பீர்கள். வழக்கு நடக்கும் வரை இரண்டு பேருமே கை வைக்க மாட்டீர்கள். உதகையின் ஈரத்தில் ஒரு காகிதக் கட்டு இரண்டு மழைக்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்று இங்கே குடியிருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பூஞ்சைக்கு நீதிமன்றத் தேதி தெரியாது. நிலம் எத்தனை ஆண்டு வழக்கில் கிடந்தாலும் நிலமாகவே இருக்கும், ஏடு இருக்காது. அதனால்தான் நில வழக்கிலிருந்து இதைப் பிரித்து எடுங்கள் என்கிறேன். யாருக்குச் சொந்தம் என்பதைப் பிறகு முடிவு செய்தாலும், பாதுகாப்பதை இன்றே செய்ய முடியும். அதனால் எந்தத் தரப்பின் உரிமையும் குறைந்துவிடப் போவதில்லை.

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

மைதானத்தில் இருக்கும் எந்தக் கட்டடத்திலும் இடிப்பு வேலை தொடங்கும் முன், இரு தரப்பினரும் சேர்ந்து அங்கே என்னென்ன ஏடுகள், படங்கள், பந்தயப் பட்டியல்கள், லாயப் பதிவேடுகள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுங்கள். உதகைக்கு வெளியே கொண்டுபோனவை இருந்தால் அவற்றையும் சேருங்கள். அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்; "இருக்கும்", "போயிருக்கும்" என்ற பதில் இனி வேண்டாம்.

பட்டியல் முடியும்வரை ஒரு தாளைக்கூட எடைக்கோ குப்பைக்கோ அனுப்பக் கூடாது என்று உத்தரவிடுங்கள்.

1947க்கு முந்தைய ஏடுகள் அனைத்தையும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். மாகாணத்தின் பழைய கோப்புகள் அங்கேதான் இருக்கின்றன. கவர்னரின் கோடைப் பயணக் கோப்புக்குக் கிடைத்த அலமாரி, புல்லறுத்தவரின் கூலி ஏட்டுக்கும் கிடைக்கட்டும். மின்படியெடுத்து ஒரு பிரதியை உதகையிலும் வையுங்கள். ஒரு பெயரைத் தேட எங்கள் பிள்ளைகள் எழும்பூருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

பழைய லாயங்களில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் காந்தலிலும் சுற்றுப்புறத்திலும் இன்னும் இருக்கிறார்கள். வயதானவர்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய யாரையாவது அனுப்புங்கள். கல்லூரி மாணவர்கள் போதும், பெரிய செலவில்லை. ஆனால் இந்த ஆண்டே நடக்க வேண்டும்.

பூங்காவில் வரலாற்றுப் பலகை வைப்பதாக இருந்தால் அதன் வாசகத்தைத் தமிழில் முதலில் எழுதுங்கள். கவர்னர்களின் பெயர்களும் ஜெயித்த குதிரைகளின் பெயர்களும் இருந்துவிட்டுப் போகட்டும். குதிரைக்காரர்கள், புல்லறுத்தவர்கள், லாடம் அடித்தவர்கள், பத்தை வைத்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் ஏட்டில் கிடைத்தால் அவற்றையும் பொறியுங்கள். லாய வரிசைகளில் ஒன்றையாவது இடிக்காமல் விடுங்கள். அதுதான் அவர்கள் படுத்துறங்கிய இடம்.

எங்கள் வீட்டுக் கடிதத்தை அசலாகவே ஆவணக் காப்பகத்துக்குத் தரத் தயாராக இருக்கிறேன். உங்கள் ஏடுகள் அங்கே போய்ச் சேரும் நாளில் அதுவும் போகும். எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உதகை காந்தலில் குடியிருக்கும் ஒரு குதிரைக்காரரின் பேத்தி